ஒரே வீட்டில் அக்கா இந்தியர், தம்பி இல்லை

கேள்வி: இந்தியாவில் அகதிகளுக்கென்று தனிச் சட்டமே இல்லை என்கிறார்கள். அப்படியானால் நாற்பது வருடமாக இங்கே இருக்கும் இலங்கைத் தமிழர்களைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

சேலம் மாவட்டத்தில் தாரமங்கலம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். வாக்காளர் பட்டியலைக் கவனிக்கும் பி.எல்.ஓ. வேலையும் சில வருடங்களாக என்னிடம்தான். ஒரு நாள் இந்த இரண்டு வேலையும் ஒரே பையன் விஷயத்தில் வந்து நின்றன. அதைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

2023 நவம்பரில் வாக்காளர் சேர்ப்பு முகாம் நடந்தது. பதினேழு வயது முடிந்தவர்களும் முன்கூட்டியே மனுக் கொடுக்கலாம் என்பதால் பிளஸ் டூ மாணவர்களுக்குப் படிவம் 6 கொடுத்திருந்தேன். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் ஒரு பையனும் அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொண்டுவந்தான். அப்பா மன்னார்க்காரர். 1990இல் பன்னிரண்டு வயதில் படகில் வந்தவர், இப்போது பெயிண்ட் அடிக்கும் வேலை பார்க்கிறார். அம்மா எங்கள் ஊர்ப் பெண், தறிக்காரக் குடும்பம். படிவத்தில் 'நான் இந்தியக் குடிமகன்' என்ற உறுதிமொழி இருக்கிறது. அந்த இடத்தில் எனக்குக் கை நின்றுவிட்டது. இரு தம்பி, விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "அக்காவுக்கு நீங்கதானே சார் சேத்து விட்டீங்க?" என்றான். உண்மைதான். 2021இல் அவன் அக்காவின் பெயரைப் பட்டியலில் சேர்த்தது நான்தான்.

அன்று இரவு குடியுரிமைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதல்முறையாகப் படித்தேன். 1955ஆம் வருடச் சட்டம். பிறப்பால் குடியுரிமை என்பதை அது மூன்று காலமாகப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு, அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது.

அக்கா பிறந்தது 2003 பிப்ரவரி. தம்பி 2006 ஆகஸ்ட். அதே அப்பா, அதே அம்மா. பாஸ்போர்ட் இல்லாமல் வந்த அப்பா, சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. அக்காவுக்கு அது தடையாக இல்லை, தம்பிக்குத் தடையாகிவிட்டது. குண்டுக்குப் பயந்து படகேறிய பன்னிரண்டு வயதுப் பிள்ளை எந்த அலுவலகத்தில் போய்ப் பாஸ்போர்ட் வாங்கியிருக்க முடியும்? அதை அந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

இங்கேதான் உங்கள் கேள்வி வருகிறது. அகதிகள் பற்றிய 1951 சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. நம் நாட்டுச் சட்டங்களில் அகதி என்று தனியாக ஒரு வகையும் கிடையாது. வெளிநாட்டவர் என்ற ஒரே பெட்டிதான். அதை ஆண்டது சுதந்திரத்துக்கு முந்தைய 1946 வெளிநாட்டவர் சட்டம். சுற்றுலா வந்து விசா முடிந்தும் தங்கியவருக்கும், 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்து வந்தவருக்கும் அதே சட்டம்தான். நீதிமன்றங்கள் மட்டும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவைக் காட்டி, உயிர் வாழும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்று சொல்லி வந்திருக்கின்றன.

மாநில அரசை நான் குறை சொல்ல மாட்டேன். எந்தக் கட்சி ஆட்சியிலும் அரிசியும் பணக்கொடையும் பள்ளிப் படிப்பும் கிடைத்தே வந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுபிள்ளைகளுக்கு 500 என்று பணக்கொடை உயர்ந்தது. முகாமின் பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. ஆனால் குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. சோறு சென்னையிலிருந்து வருகிறது, அந்தஸ்து டெல்லியிலிருந்து வர வேண்டும். நடுவில் ஆள் தன் பாட்டுக்கு நின்றுகொண்டே இருக்கிறார். அந்தப் பையனின் அப்பா ஏற்காட்டில் கோடை விழாவுக்கு முன்னால் விடுதிகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவார். நல்ல கூலி வரும் சீசன் அது. நடுவில் முகாமில் ஆள் சரிபார்க்கும் நாள் வந்தால் வேலையை விட்டுவிட்டு மலையிறங்கி வர வேண்டும். "முப்பது வரியமா எண்ணுறாங்கள் சேர், நான் ஒருக்காலும் குறையேல்லை" என்று ஒருமுறை சொன்னார்.

கல்யாணம் செய்தால் குடியுரிமை வந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். வராது. இந்தியரை மணந்தவர் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால் அந்த வழியும் அடைப்பு. எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தாலும் நீண்டகால வசிப்பின் பேரில் கேட்கவும் முடியாது. எல்லாக் கதவுக்கும் அந்த ஒரு சொல்லே பூட்டு.

முகாம்களில் மலையகத் தமிழர்களும் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவர்களுடைய பாட்டன் பூட்டன், சேலம், திருச்சி பக்கங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போனவர்கள். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. 1974இல் மேலும் 75,000 பேர். போர் மூண்டதும் இவர்களை ஏற்றிவந்த கப்பல் நின்றுபோனது. ஒப்பந்தப்படி கப்பலில் வந்திருந்தால் குடிமகன். கப்பல் இல்லாததால் படகில் வந்தார்கள், அதனால் சட்டவிரோதக் குடியேறி. 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இப்படிப்பட்ட இந்திய வம்சாவளியினரை அந்தப் பெயரால் ஒதுக்காமல் அவர்கள் மனுவைப் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. அதே மதுரைக் கிளைதான் 2022இல், 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்த எல்லாருக்கும் அந்த உரிமை உண்டு. முகாமில் இருக்கும் பலருக்கு இன்றுவரை இது தெரியாது.

2025 செப்டம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தது. கூடவே ஒரு விலக்கு ஆணை: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்க முடியாது. நல்ல விஷயம், நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. குடியுரிமை அதில் இல்லை. ஆனால் இதைக் கவனியுங்கள். பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த இந்துக்கள் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கும் முதலில் 2015இல் இதே மாதிரி விலக்குதான் கொடுத்தார்கள். அதன் மேல் படி வைத்துத்தான் அவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது, அதில் ஆப்கானிஸ்தானும் உண்டு, இலங்கை இல்லை. முதல் படியை இவர்களுக்கும் போட்டுவிட்டார்கள். இரண்டாவது படிக்கு நாடாளுமன்றம் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியைக் கேட்க ஓட்டு வேண்டும், இவர்களுக்கு ஓட்டு இல்லை. அதனால் கேட்க வேண்டியவர்கள் நாம்தான் என்று நினைக்கிறேன்.

சரி, அந்தப் பையனிடம் வருகிறேன். மறுநாள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அன்று நான் படித்தது பிறப்பால் குடியுரிமை பற்றிய மூன்றாம் பிரிவு மட்டும். ஐந்தாம் பிரிவின் நான்காம் உட்பிரிவை அடுத்த வருடக் கடைசியில்தான் ஒரு வழக்கறிஞர் காட்டினார். சிறப்புச் சூழ்நிலை இருப்பதாகத் திருப்திப்பட்டால், மைனரான எந்தப் பிள்ளையையும் மத்திய அரசு இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்யலாம். இந்த உட்பிரிவில் மட்டும் சட்டவிரோதக் குடியேறி என்ற பூட்டு இல்லை. கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஆனாலும் கேட்க ஒரு வாசல். படிவம் நீட்டிய அன்று அவனுக்குப் பதினெட்டு ஆக இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. எனக்குத் தெரிந்தபோது வயது தாண்டிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் கெடுகிறது.

அதற்கப்புறம் முகாமில் வீடு வீடாகப் போய், அம்மாவோ அப்பாவோ இந்தியராக உள்ள, பதினெட்டு ஆகாத பிள்ளைகளைக் கணக்கெடுத்தேன். பிறப்புச் சான்றிதழ், தாயின் வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்று எல்லாம் சேர்த்து, அந்த வழக்கறிஞர் எழுதித் தர, ஆட்சியர் அலுவலகம் வழியாக மூன்று மனு போயிருக்கிறது. உங்கள் ஊர் முகாமிலும் இப்படிப் பிள்ளைகள் இருந்தால் முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். நாங்கள் அனுப்பியதில் ஒன்று அந்தப் பையனின் சித்தப்பா மகளுக்கு. ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கு இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது.