உண்டியலில் போட்டால் கணக்குத் தீருமா?

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறாராம். இரண்டு வருஷமாக சிமெண்ட், மணல் பில்லில் தொகையைக் கூட்டி எழுதி 40,000 ரூபாய் எடுத்துவிட்டார். பழி, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்த பையன் மேல் விழுந்து, அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், பணத்தை ஓரியூர் புனித அருளானந்தர் கோயில் உண்டியலில் போட்டால் போதுமா?" என்கிறார்.

போதாது தம்பி. பாவசங்கீர்த்தனம் செய்தது நல்லது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாவமன்னிப்பு கிடைத்துவிட்டதால் அடுத்தவருக்கு நாம் செய்த சேதம் தானாகச் சரியாகிவிடாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் திருச்சபையின் போதனை. நீங்கள் சொன்னதை சாமியார் யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் முதலாளியிடம் போய்ச் சொல்ல உங்களைத் தவிர ஆளே இல்லை.

பைபிளில் எண்ணிக்கை நூல் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டு, முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்து, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவருக்கே கொடுக்கச் சொல்கிறது. வாங்கிக்கொள்ள அவரும் இல்லை, அவருடைய உறவினரும் இல்லை என்றால்தான் அது ஆண்டவருக்கென்று குருவிடம் போகும். உங்கள் முதலாளி உயிரோடு இருக்கிறார். அந்தக் கணக்கில் பார்த்தால் 48,000 ரூபாய். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதற்கு நான்கு மடங்கு தருகிறேன் என்றான், அதுவும் வீட்டுக்குள் முணுமுணுக்காமல், எழுந்து நின்று. ஓரியூர், அருளானந்தர் 1693-ல் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மண், தாராளமாகப் போங்கள், ஆனால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு 5-ல் இயேசுவே சொல்லியிருக்கிறார், அதனால் ஓரியூர் அப்புறம்தான்.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது? சுருக்கமாக. "சிமெண்ட் பில்லில் நான்தான் கூட்டி எழுதினேன், 40,000. அந்தப் பையன் ஒரு பைசா தொடவில்லை." அவ்வளவுதான். வீட்டில் கஷ்டம், சம்பளம் பத்தவில்லை என்று ஆரம்பித்தால், "நீர் தந்த பெண்தான் கொடுத்தாள்" என்று பழியை ஏவாள் மேல் தள்ளி ஆதாம் சொன்ன இடத்துக்குத்தான் போய் நிற்பீர்கள். மொத்தமாகப் பணம் இல்லையென்றால் தவணை கேளுங்கள், எழுதிக் கொடுங்கள். அவர் வேலையை விட்டு நிறுத்தலாம், போலீசில் புகாரும் கொடுக்கலாம், அது அவர் உரிமை. பயமாகத்தான் இருக்கும், தெரியும். வேண்டுமானால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போங்கள், ஆனால் அதையே சாக்காக்கி மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பையன் விஷயம்தான். அவனைத் திருடன் என்று சொன்னது தனி அறையில் அல்ல, கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதானே? அதே ஆட்கள் முன்னால் அவன் எடுக்கவில்லை, நான் எடுத்தேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு அவன் வீட்டுக்குப் போங்கள். அவன் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், உடனே மன்னிக்கச் சொல்லிக் கையைப் பிடிக்காதீர்கள். போன கூலியையும் கொடுத்தாக வேண்டும், அதை நீங்களாகக் குத்துமதிப்பாகப் போடாமல் அவனிடமே கேளுங்கள், எத்தனை நாள் வேலையில்லாமல் இருந்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.