ரத்தத்தில் கால்சியம் கூடினால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. சில வாரங்களாகத் தீராத தாகம், மலச்சிக்கல். இப்போது பேச்சிலும் தடுமாற்றம். கால்சியம் 14.8 (டெசிலிட்டருக்கு மி.கி.) என்று வந்ததால் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். வெறும் சலைன்தான் ஏற்றுகிறார்கள். கால்சியத்தைக் குறைக்க மருந்தே இல்லையா?

பதில்: இருக்கிறது. ஆனால் முதல் மருந்தே அந்தச் சலைன்தான். கால்சியம் ஏறும்போது சிறுநீரகத்தால் நீரைத் தக்கவைக்க முடியாது. சிறுநீர் அளவுக்கு மீறிப் போய் உடல் வறளும். வறண்ட உடலில் சிறுநீரகம் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும். சோடியத்தோடு கால்சியமும் உள்ளே திரும்பிவிடும். அதனால் கால்சியம் இன்னும் ஏறும். இந்தச் சுழலை உடைக்கத்தான் 0.9 சதவீத சலைன். பெரும்பாலும் மணிக்கு 200 முதல் 300 மி.லி. வரை தொடங்கி, சிறுநீர் மணிக்கு 100 முதல் 150 மி.லி. வரும்படி வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் இந்த வேகம் ஆகாது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எனவே சிறுநீரின் அளவைக் குறித்து வைப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

சிறுநீரைக் கூட்ட ஃபியூரோசமைடு ஊசி போடுவது பழைய வழக்கம். வறட்சி தீருமுன் போட்டால் நிலைமை மோசமாகும். உடலில் நீர் தேங்கினால் மட்டுமே இப்போது அது தேவைப்படுகிறது.

14-க்கு மேல், அதிலும் மூளை குழம்பிய நிலையில், சலைன் மட்டும் போதாது என்பதும் உண்மை. கால்சிடோனின் ஊசி 4 முதல் 6 மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 4 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ரத்தக் கால்சியத்தை 1 முதல் 2 மி.கி. வரை குறைக்கும். இரண்டு நாளில் உடல் அதற்குப் பழகிவிடும், பிறகு பலன் இராது. அந்த இடைவெளியை நிரப்ப, எலும்பிலிருந்து கால்சியம் கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரோனிக் அமிலத்தையும் தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும். 4 மி.கி. மருந்தை 15 நிமிடங்களுக்குக் குறையாமல் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அவசரமாக ஏற்றினால் சிறுநீரகம் கெடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். ஓரிரு நாள் காய்ச்சல், உடல்வலி வந்தால் பயப்பட வேண்டாம். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு டெனோசுமாப் ஊசி உண்டு. ஆனால் வைட்டமின் டி குறைவாக இருப்பவருக்கு அதன்பின் கால்சியம் ஒரேயடியாக விழக்கூடும். உதடு மரத்துப்போதல், கை இழுத்துப் பிடித்தல் ஆகியவை அதன் அடையாளம். எதற்கும் அடங்காமல் சிறுநீரகமும் செயலிழந்தால் டயாலிசிஸ்.

அம்மா இதயத்துக்கு டிகாக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கால்சியம் ஏறிய நிலையில் அதன் நச்சு விளைவு சுலபமாக வரும். ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன் (பி.டி.எச்.) பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். அது அடங்கிக் கிடக்கும்போது கால்சியம் இவ்வளவு ஏறியிருந்தால், எங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். காரணத்தைத் தீர்க்காவிட்டால் சில வாரங்களில் கால்சியம் மறுபடி ஏறும்.

கேள்வி: எனக்கு வயது 45. எந்தத் தொந்தரவும் இல்லை. வழக்கமான பரிசோதனையில் கால்சியம் 11.1. பால், தயிரை நிறுத்திவிட்டேன். சரிதானா?

பதில்: சரியில்லை. முதலில் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள், கையில் பட்டையை வெகுநேரம் இறுக்கிக் கட்டினாலே அளவு கூடிக் காட்டும். ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான ஆல்புமினையும் பாருங்கள். 4-லிருந்து அது எவ்வளவு குறைவோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்ட வேண்டும். கால்சியம் 10.1, ஆல்புமின் 2.5 என்றால் உண்மைக் கணக்கு 11.3! ஆல்புமின் 4-ஐத் தாண்டினால் அதே கணக்கில் கழிக்க வேண்டும்.

திரும்பவும் உயர்வு என்றால் அடுத்தது பி.டி.எச். கால்சியம் ஏறினால் அது அடங்க வேண்டும். அடங்காமல் இயல்பான அளவிலேயே நின்றாலும்கூடப் பாராதைராய்டு சுரப்பியின் மேல்தான் சந்தேகம். இதில் உணவுக் கால்சியத்தைக் குறைத்தால் அந்த ஹார்மோன் மேலும் கூடி எலும்பைத்தான் அரிக்கும். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். லித்தியமோ, ரத்த அழுத்தத்துக்குத் தையசைடு மாத்திரையோ சாப்பிட்டால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சுரப்பிதான் காரணம் என்று உறுதியானால், 50 வயதுக்குக் கீழ் என்பதே உங்களுக்கு அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கப் போதுமானது. சிறுநீரகக் கல், எலும்புத் தேய்மானம், இயல்பு வரம்பைவிட 1 மி.கி.-க்கு மேல் உயர்வு ஆகியவையும் அப்படியே. கத்தி வைக்குமுன் 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியத்தை அளக்காமல் விடாதீர்கள். அது மிகக் குறைவாக இருந்தால் பரம்பரையாக வரும், பெரும்பாலும் தீங்கில்லாத ஒரு நிலையாக இருக்கலாம். அதற்கு அறுவையால் பயனில்லை.

கேள்வி: வாரம் ஒன்று போட வேண்டிய வைட்டமின் டி மாத்திரையை என் கணவர் இரண்டு மாதமாகத் தினமும் போட்டிருக்கிறார். கால்சியம் 12.6. மாத்திரையை நிறுத்தினால் போதுமா?

பதில்: நிறுத்துவது முதல் வேலை, ஆனால் போதாது. வைட்டமின் டி கொழுப்பில் சேர்ந்து, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். முந்தைய வாசகருக்குச் சொன்னதற்கு மாறாக, இவருக்கு உணவில் கால்சியத்தைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் கூடுதல் கால்சியத்தைக் குடல்தான் உறிஞ்சுகிறது. நீரேற்றிய பிறகும் இறங்காவிட்டால் மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை தருவார். அந்த உறிஞ்சலை அது மட்டுப்படுத்தும். கால்சியத்தோடு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஒருமுறை இயல்புக்கு வந்ததை நம்பிப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. வாந்தி, குழப்பம், அளவற்ற தூக்கம் தலைகாட்டினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.