சிவந்து எரியும் நாக்கு: பித்தமா, சத்துக் குறைவா?

கேள்வி: என் மாமியாருக்கு 58 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். மூன்று மாதமாக நாக்கு சிவந்து எரிகிறது; ரசம்கூடக் காரம் என்கிறார். பாதத்தில் மதமதப்பு. சித்த வைத்தியர் நாக்கைப் பார்த்துப் பித்தம் என்றார். தர்மபுரியில் ஒரு டாக்டர் நாக்கைப் பார்க்காமலேயே சத்து மாத்திரை எழுதினார். அத்தை பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார், கவிச்சி தொடுவதில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னது சரியான வேலை. சித்தத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, ஸ்பரிசம், நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் இவற்றோடு நாவும் ஒன்று. கறுத்து வெடித்தால் வாதம், சிவந்தோ மஞ்சளாகவோ இருந்தால் பித்தம், வெளுத்து மாவு படிந்தால் ஐயம், அதாவது கபம் என்று பிரிப்பார்கள். அவர் கண்ட சிவப்பும் எரிச்சலும் உண்மை. ஆனால் அதற்கு என்ன காரணம் என்பதை ரத்தத்தில்தான் தேட வேண்டும்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது வைட்டமின் பி12 குறைவு. நாக்கின் மேல்தோல் சில நாளுக்கு ஒருமுறை புதிதாக வளர்வது. சத்து குறைந்தால் அங்கே சீக்கிரம் தெரியும்: அரும்புகள் தேய்ந்து, வழுவழுவென்று சிவந்து எரியும். இரும்புச்சத்து குறைந்தாலும் வழுவழுப்பாகும், ஆனால் பெரும்பாலும் வெளிறியிருக்கும். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடும்போது குடலில் பி12 சேர்வது குறையும். களியும் கீரையும் நம் ஊரின் அருமையான சாப்பாடு, மறுப்பில்லை. ஆனால் பி12 அவற்றில் கிடையாது. கறி, மீன், முட்டை, பால், தயிரில்தான் கிடைக்கும். பாத மதமதப்பு சர்க்கரையாலும் வரும், பி12 குறைவாலும் வரும். சர்க்கரைதான் என்று விட்டுவிடாதீர்கள்.

அதனால் முழு ரத்த எண்ணிக்கை, பி12, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பாருங்கள். பி12 ஊசி போடும் முன்பே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள், போட்ட பிறகு அளவு ஏறித் தெரியும். அந்தச் சத்து மாத்திரையின் அட்டையையும் பாருங்கள். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிட்டதுபோல் தெரியும், நரம்போ உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டிலும் ஒருமுறை நாக்கைப் பாருங்கள். காலையில், பல் தேய்ப்பதற்கும் டீக்கும் முன்னால், வாசல் வெளிச்சத்தில். நாவல் பழமோ வெற்றிலையோ சாப்பிட்ட நாக்கில் நிறம் பார்த்துப் பயனில்லை. வெள்ளையாகப் படிந்திருந்தால் ஈரத்துணியால் மெல்லத் துடையுங்கள். துடைத்தால் வந்து அடியில் சிவந்து தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், சர்க்கரைக்காரர்களுக்கு அது சகஜம். வராத வெள்ளைத் திட்டு என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், முக்கியமாகப் புகையிலை போடுகிறவர்கள். அப்புறம், நாக்கை ஒரு சுத்தமான துணியால் பிடித்து இரண்டு ஓரங்களையும் பாருங்கள். புற்று பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும், வலிகூட இருக்காது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைச் சூடு என்று சொல்லி வைத்திருக்க வேண்டாம்.

பி12 குறைவுதான் என்றால் சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் எரிச்சல் தணியும். பாதம் தேற மாதக்கணக்கில் ஆகும். நடை தள்ளாடத் தொடங்கியிருந்தால் இந்த வாரமே கூட்டிப் போங்கள்.