வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து இலட்சம்: சோலார் முற்பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணம் உரும்பிராயில் இருக்கிறேன். வீட்டில் மாதம் 220 யூனிட் அளவில் கரன்ட் செலவாகிறது. கனடாவில் இருக்கும் மகன் கூரையில் சோலார் போடச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறான். ஒரு தம்பி வந்து பார்த்துவிட்டு, 10 கிலோவாட் போடலாம் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து இலட்சம் முற்பணம் தந்தால், இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவில் தங்களுக்குத் தெரிந்த ஆள் மூலம், மிச்சக் கரன்ட்டை விற்கும்போது யூனிட்டுக்குப் பழைய 27 ரூபாய் விலையை எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார். கரன்ட் பில் இன்னும் காலமான என் மாமனார் பெயரில்தான் வருகிறது. அதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார். காசைக் கொடுக்கலாமா? மேற்கு வேலியில் நிற்கும் பனைகளின் நிழல் கூரையில் விழுகிறது, அவற்றைத் தறிக்க வேண்டுமா?

பதில்: கொடுக்க வேண்டாம் ரீச்சர். சோலார் போடுங்கள், ஆனால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் யாருக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த 27 ரூபாயைப் பார்ப்போம். அது 2024 இல் இருந்த விலை. 2025 இல் அதைக் குறைத்து வைத்த விலை இது: 5 கிலோவாட் வரை போடும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 20 ரூபாய் 90 சதம். 5 இலிருந்து 20 கிலோவாட் வரை 19 ரூபாய் 61 சதம். நீங்கள் எந்தத் திட்டத்தின் கீழ் ஒப்பந்தம் எழுதுகிறீர்களோ அந்த விலைதான் உங்களுக்கு. பழைய திட்டத்தின் விலையைப் புதிய ஒப்பந்தத்தில் எழுத யாராலும் முடியாது. உங்கள் ஒழுங்கையிலேயே விசாரித்துப் பாருங்கள். 2017 இல் போட்டவருக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாய் கிடைத்தது, இப்போது 15 ரூபாய் 50 சதம். 2022 விலையில் எழுதியவருக்கு 37 ரூபாய். 2024 இல் எழுதியவருக்கு 27. ஒரே ட்ரான்ஸ்போமரில் தொங்கும் நாலு வீட்டுக்கு நாலு விலை. இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் தரகர்மார் பிழைக்கிறார்கள். பக்கத்து வீட்டாருக்குக் கூடிய விலை கிடைக்கிறதே, எனக்கும் யாராவது எடுத்துத் தரலாம் என்று சனம் நம்புகிறது. அவருக்குக் கூடிய விலை கிடைப்பதற்குக் காரணம் அவர் எழுதிய திகதி, வேறொன்றும் இல்லை.

அடுத்தது, 'ஆணைக்குழுவில் ஆள்'. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நீங்கள் மாதாமாதம் கட்டுகிற பில்லில் உள்ள விலையை அங்கீகரிப்பது அவர்கள். உங்கள் கூரையில் இருந்து வாங்குகிற யூனிட்டின் விலை வேறு வழியில் வந்தது. அமைச்சு மட்டத்தில் குழு வைத்துக் கணக்குப் பார்த்து, அமைச்சரவை அங்கீகரித்தது. அந்தத் தம்பி சொல்லும் ஆள் உண்மையிலேயே இருந்தாலும், அவர் இருக்கும் கட்டடம் இதற்கு உரியது அல்ல. விலையைக் கூட்டித் தருகிற ஆள் என்று யாருமே கிடையாது. இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போலத் தனியாக இருக்கும் மூத்தவர்கள், கையில் இருப்பது வெளிநாட்டில் பிள்ளை இரவு வேலை செய்து அனுப்பிய காசு.

ஆணைக்குழுவைப் பற்றி இன்னும் ஒன்று. கட்டணத்தை மாற்றுவதற்கு முன் அவர்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். எழுத்திலும் அனுப்பலாம், கூட்டத்தில் போய்ச் சொல்லவும் செய்யலாம், தமிழிலேயே சொல்லலாம். 2025 இல் ஒன்பது மாகாணங்களிலும் இந்தக் கூட்டங்கள் நடந்தன. ஆனால் நம்பிக்கை எப்படி வரும்? அரசுடன் கட்டண விஷயத்தில் முரண்பட்ட தலைவர் ஜனக ரத்நாயக்கவை 2023 மே மாதம் பாராளுமன்றம் வாக்கெடுத்து நீக்கியது. 2025 ஜனவரியில் கட்டணத்தை 20 சதவீதம் குறைத்தார்கள், ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். ஆறு மாதத்துக்குள் இப்படி ஏறி இறங்கினால், இருபது வருடத்துக்கு ஒரு பொருளை வாங்கப் போகிற குடும்பம் எதை வைத்துக் கணக்குப் போடும்? விலையைத் தீர்மானிக்கும் பெரியவர்கள் யார், எந்தக் கணக்கில் தீர்மானித்தார்கள் என்பதை ஊர்மொழியில் ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு மின்சார அலுவலகச் சுவரிலும் ஒட்டியிருந்தால் பாதித் தரகர்மார் வேறு தொழில் பார்க்கப் போயிருப்பார்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 5 கிலோவாட் என்றால் மாதம் 600 யூனிட். அதில் உங்கள் 220 கழிந்து மிச்சம் 380. 2025 விலையான யூனிட் 20 ரூபாய் 90 சதப்படி 7,942 ரூபாய் கைக்கு வரும். பில்லில் நிலையான கட்டணம் மட்டும் இருக்கும். 10 கிலோவாட் போட்டால் 1,200 யூனிட், மிச்சம் 980, ஆனால் விலை 19 ரூபாய் 61 சதத்துக்கு இறங்கிவிடும்: ஏறத்தாழ 19,200 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சோலாரில் உண்மையான இலாபம் உங்கள் சொந்தப் பில் இல்லாமல் போவதுதான். அந்த இலாபத்தை முதல் இரண்டு கிலோவாட்டே ஏறக்குறையத் தந்துவிடுகிறது. அதற்கு மேல் போடுவது கரன்ட் விற்கும் வியாபாரம். வியாபாரம் செய்ய விருப்பமென்றால் செய்யுங்கள், ஆனால் விலைப்பட்டியல் பெரிதானால் தன் கமிசனும் பெரிதாகும் என்பதற்காக அந்தத் தம்பி சொல்லும் 10 ஐ எடுக்காதீர்கள். நான் என்றால் 3 அல்லது 5 இல் நிற்பேன்.

ட்ரான்ஸ்போமர் விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் அடுத்த தடவை அந்தத் தம்பி அதைத்தான் எடுப்பார். 'உங்கள் ட்ரான்ஸ்போமர் நிரம்பிவிட்டது, மேலே கொஞ்சம் கொடுத்தால் இடம் எடுக்கலாம்' என்பார். நிரம்புவது உண்மையாக நடக்கிற விஷயம். எங்கள் வீட்டுக் கரன்ட் 230 வோல்ட், 6 சதவீதம் கூடலாம் குறையலாம், அதாவது மேலே ஏறத்தாழ 244 வரை. மத்தியானம் ஒரு ஒழுங்கையில் பத்து வீட்டுக் கூரை ஒரே நேரத்தில் கரன்ட்டைத் தள்ளினால், வயரின் கடைசியில் இருக்கும் வீட்டில் வோல்டேஜ் ஏறும். அளவு மீறினால் இன்வெர்ட்டர், அதாவது தகட்டின் கரன்ட்டை வீட்டுக் கரன்ட்டாக மாற்றும் பெட்டி, தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். போன மாதம் கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டரை மணி, முகில் இல்லாத நாள். இன்வெர்ட்டரின் சின்னத் திரையில் 247, 249, 251 என்று எண் ஏறியது. டக் என்று ஒரு சத்தம், பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தானாக வேலை செய்யத் தொடங்கியது, பிறகு மறுபடியும் டக். வெயில் உச்சத்தில் இருக்கும் நேரமெல்லாம் அந்த வீட்டுச் சோலார் சும்மா இருக்கிறது. மேலே கொஞ்சம் கொடுத்து இடம் எடுத்த வீடு அது. காசு கொடுத்தால் கடதாசி நகரும், வயர் தடிக்காது.

ஆகவே மின்சார அலுவலகத்தின் அனுமதி எழுத்தில் வரும் முன் சோலார் தகடு வாங்கக் காசு கொடுக்காதீர்கள். நிரம்பிவிட்டது என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் ட்ரான்ஸ்போமரின் கொள்ளளவு எவ்வளவு, ஏற்கனவே எத்தனை கிலோவாட் சோலார் இணைந்திருக்கிறது என்று தமிழில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் இந்த இரண்டு எண்ணுக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருப்பதே வெட்கக்கேடு. 2030 இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று கொள்கை எழுதியவர்களுக்கு, ஒழுங்கை வயரைப் பற்றியும் யோசித்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, நாடு முழுக்க கரன்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு என்றார்கள். ஒரு குரங்கு தொட்டதில் நாடு இருண்டதற்குக் காரணம், அன்று பகல் சோலார் கூடி, மின்கட்டமைப்பை நிலையாக வைத்திருக்கும் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைந்திருந்ததுதான். ஏப்ரலில் வருடப்பிறப்பு விடுமுறைக்கு, பகலில் உங்கள் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று வீட்டுக்காரரிடமே கேட்டார்கள். பகல் கரன்ட்டைச் சேமிக்கும் பட்டரி முன்பே வந்திருக்க வேண்டும் என்று பொறியியலாளர்கள் சொல்லிவந்தார்கள். கடைசியில் சுமப்பது ஓய்வூதியக்காரர்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கிக்கொள்ளுங்கள்: பட்டரி இல்லாத சோலார், வெளியே கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். வயரில் வேலை செய்கிறவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 'கரன்ட் போனாலும் உங்கள் வீட்டில் லைட் எரியும்' என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தால் அதுவும் பொய். சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் எங்களுடையது. 1990 க்குப் பிறகு வருடக்கணக்காக கரன்ட் இல்லாமல் இருந்த சனத்திடம் இந்தப் பேச்சு எடுபடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி மாமனார் பெயர். எனக்கு உண்மையில் பயமாக இருப்பது இதில்தான். 'பிறகு பார்க்கலாம்' என்பது யாழ்ப்பாணத்தில் மிகப் பெரிய பொறி.

சோலார் ஒப்பந்தம் 20 வருடத்துக்கானது. அதை மின்சாரக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரோடுதான் எழுதுவார்கள். மிச்ச யூனிட்டுக்கான காசும் அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் போகும். காலமானவர் ஒப்பந்தம் எழுத முடியாது. ஆகவே தரகர் என்ன செய்கிறார்? மாமனார் பெயரில் ஒரு கையெழுத்தை வைத்துவிடுகிறார். அன்றைக்கு வேலை நடக்கும். ஆனால் அது கள்ளக் கையெழுத்து, அது இருப்பது உங்கள் வீட்டுப் பத்திரத்தில், அவருடைய பத்திரத்தில் அல்ல. நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

சரியான வழி மெதுவானது. மாமனாரின் மரண அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, உங்கள் அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். உறுதி உங்கள் கணவர் பெயரிலோ உங்கள் பெயரிலோ இருந்தால் இது சுலபம். உறுதியும் மாமனார் பெயரிலேயே நிற்கிறது, கணவரின் சகோதரங்கள் பிரான்சிலும் லண்டனிலும் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் எல்லோரிடமும் சம்மதக் கடிதம் வாங்க வேண்டிவரலாம். ஒருவர் கோபித்துக்கொண்டு கையெழுத்து வைக்காமல் இருந்தால் அங்கேயே நிற்கும். அதனால் இன்றைக்கே போன் எடுத்துப் பேசத் தொடங்குங்கள். முன்பு மாமனார் உங்கள் கணவருக்கு, தனக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோணிப் பத்திரம் கொடுத்திருந்தார், அதை வைத்துச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடுத்தவர் காலமானதும் அந்த அற்றோணியும் முடிந்துவிடுகிறது. இதை நொத்தாரிசிடம் கேட்டால் ஒரு வசனத்தில் சொல்லிவிடுவார். உயிரோடு வெளிநாட்டில் இருக்கும் சகோதரம் கொடுக்கும் அற்றோணி வேறு. அது செல்லும், ஆனால் இங்கே பதிவு செய்திருக்க வேண்டும்.

என் தங்கையின் வீட்டில் இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு ஏழு மாதம் நடந்தோம். போகும் ஒவ்வொரு நாளும் ஒரு புதிய பத்திரம் கேட்டார்கள், தேவையான எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே தாளில் எழுதித் தர ஒருவரும் இல்லை. மூன்றாம் மாதம் வாசலில் நின்ற ஒருவர், தான் செய்து தருவதாகச் சொன்னார். தங்கை அழுத அழுகைக்கு நானும் ஒரு கணம் சரி சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. ஏழாம் மாதம் பெயர் மாறியது, எட்டாம் மாதம் தகடு ஏறியது, இன்றைக்கு மாதாமாதம் காசு அவளுடைய கணக்குக்கு வருகிறது.

வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி வந்தால், தங்கள் நிறுவனம் அரசின் நிலைபெறுதகு வலு அதிகார சபையில் பதிவு செய்திருக்கிறதா என்று கேளுங்கள், பதிவு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். முழு விலையையும் தகடு, இன்வெர்ட்டர், பொருத்தும் கூலி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முற்பணம் அனுமதிக் கடிதம் வந்த பிறகு, அதுவும் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு, பற்றுச்சீட்டோடு. இவ்வளவையும் கேட்ட பிறகும் அவர் அடுத்த கிழமை வந்தால் அவர் நல்ல பிள்ளையாக இருக்கலாம்.

கடிதத்தின் கடைசியில் மேற்கு வேலிப் பனைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பனை தறிக்க அனுமதி வேண்டும், அதற்காக அலைய வேண்டாம். நாளைக்குப் பின்னேரம் மூன்று மணிக்கும் நாலரைக்கும் முற்றத்தில் நின்று, நிழல் கூரையில் எதுவரை வருகிறது என்று சுண்ணக்கட்டியால் சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். தகடு பொருத்த வருகிறவரிடம் அந்தக் கோட்டைக் காட்டி, அதற்குக் கிழக்கே, தெற்குச் சரிவில் வைக்கச் சொல்லுங்கள்.