ஐஎஸ்ஓ எவ்வளவு வைப்பது? கேள்வி பதில்

கே: கேமரா புதிது. எந்த வெளிச்சத்துக்கு எவ்வளவு ஐஎஸ்ஓ என்று ஒரு கணக்கு சொல்லுங்கள் சார்.

ப: படத்தை எவ்வளவு பிரகாசமாக்குவது என்ற அமைப்புதான் ஐஎஸ்ஓ. உச்சி வெயிலுக்கு 100. மரநிழல், மேகமூட்டம் என்றால் 200 முதல் 400. பகலில் ஜன்னலோரம் 400, 800. இரவில் வீட்டு டியூப்லைட்டுக்கு 1600, 3200. இது ஆரம்பிக்க ஒரு இடம், அவ்வளவுதான். அப்பர்ச்சரையும் (லென்ஸ் எவ்வளவு திறக்கிறது) ஷட்டரையும் (எவ்வளவு நேரம் ஒளி விழுகிறது) முதலில் முடிவு செய்யுங்கள். உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு ஷட்டர் 1/125 நொடி போதும், ஓடும் பேரனுக்கு 1/500 வேண்டும். அதற்கு அப்புறமும் படம் இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டரைக் குறைக்கவே குறைக்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தைச் சுத்தம் செய்ய மென்பொருள் இருக்கிறது. ஆள் அசைந்து கலங்கிய படத்துக்கு வைத்தியம் இல்லை.

கே: மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் வருகிறது. கேனன் 1500டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். ஃபிளாஷ் கூடாது என்று குரு சொல்லிவிட்டார்.

ப: குரு சொன்னது சரி. கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் ஆடுபவரின் கவனம் சிதறும், மேடை விளக்கின் நிறமும் செத்துப்போகும்.

உங்கள் லென்ஸ் 55 எம்எம்மில் எஃப்/5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகமாகத் திறக்கும்). வர்ணம் என்ற உருப்படியில் தீர்மானங்கள் (வேகமான அடவுக் கோர்வைகள்) வரும்போது காலும் கையும் பறக்கும், அதற்கு 1/500 வேண்டும். இந்த இரண்டையும் வைத்தால் பெரும்பாலான மேடைகளில் 6400ஐத் தொட்டுவிடுவீர்கள். உங்கள் கேமராவின் சாதாரண உச்சமும் அதுதான். ஆனால் பதம் வரும்போது அபிநயம் நிதானமாகப் போகும், 1/125 போதும். அதே விளக்கில் 1600க்கு இறங்கிவிடலாம். எனவே நிகழ்ச்சி நிரலை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடமாவது 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் இரவல் கிடைத்தால் விடாதீர்கள். அதை எஃப்/2.8இல் வைத்தாலே 6400 கேட்ட இடத்தில் 1600 போதும்.

இன்னொன்று, பின்னால் கறுப்புத் திரை இருக்கும். கேமரா அந்தக் கறுப்பையும் கணக்கில் எடுத்து, இருட்டு என்று நினைத்து ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும். முகம் வெளுத்து, நெற்றிச்சுட்டி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எம் மோடில் அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் நீங்களே வையுங்கள். புஷ்பாஞ்சலியில் ஒரு படம் எடுத்து முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், திருத்துங்கள். விளக்கு மாறினால் மறுபடியும் பாருங்கள்.

கே: கல்யாண மண்டபத்தில்?

ப: 1600இல் ஆரம்பியுங்கள், வீடியோக்காரர் லைட் போட்டால் 800. படத்தில் வரிவரியாகப் பட்டை விழுந்தால் அது ஐஎஸ்ஓ கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100இல் வைத்துப் பாருங்கள்.

கே: ராத்திரியில் எவ்வளவு ஐஎஸ்ஓ?

ப: முதல் பதிலில் இருக்கிறது.

கே: ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சார் அதிக ஒளியை வாங்கும், அதனால்தான் நாய்ஸ் (புள்ளி) வருகிறது என்று படித்தேன். நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே?

ப: அது தவறு என்பதால்தான் சொல்லவில்லை. உள்ளே வரும் ஒளியை அப்பர்ச்சரும் ஷட்டரும்தான் தீர்மானிக்கின்றன. வந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதுதான் ஐஎஸ்ஓவின் வேலை.

கே: அண்ணா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 100இல் சுத்தமாக வருகிறது, 3200இல் புள்ளி வருகிறதே!

ப: நல்லது தம்பி, சோதித்தே பாருங்கள். 3200 வைத்தபோது ஷட்டரையும் வேகமாக்கியிருப்பீர்கள், அதனால் ஒளி குறைந்தது, புள்ளி வந்தது. இப்போது கேமராவை ஸ்டாண்டில் வைத்து, அப்பர்ச்சர், ஷட்டர் இரண்டையும் தொடாமல் 100இல் ஒன்று, 1600இல் ஒன்று ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுங்கள். 100இல் எடுத்ததைக் கணினியில் நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) ஏற்றுங்கள். 1600இல் எடுத்ததைவிட அது சுத்தமாக இருக்காது. பல கேமராக்களில் நிழல் பகுதி இன்னும் மோசமாகவே இருக்கும்.

கே: குறுக்கே வருகிறேன். அப்படியானால் எல்லாவற்றையும் 100இல் எடுத்து அப்புறம் ஏற்றிக்கொள்ளலாமே?

ப: சில புதிய சென்சார்களில் ஓரளவு நடக்கும். ஆனால் எடுக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, ஜேபெக்கில் விவரம் தங்காது. ஆரம்பத்தில் இருப்பவர் அங்கே போக வேண்டாம். தேவையான ஐஎஸ்ஓவைத் தைரியமாக வையுங்கள். ஷட்டரைக் குறைக்காதீர்கள்.

கே: நிலாவுக்கு 3200 வைத்தேன், வெள்ளை வட்டம்தான் வந்தது.

ப: நிலாவில் அடிப்பது வெயில். பௌர்ணமிக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/100.

கே: எந்தக் கேமரா வாங்கலாம்?

ப: அதற்கு இது இடமில்லை. பட்ஜெட்டைச் சொல்லித் தனியாகக் கேளுங்கள்.

கே: ஆட்டோ ஐஎஸ்ஓ வைப்பது தப்பா?

ப: தப்பே இல்லை. உச்ச வரம்பு மட்டும் வைத்துவிடுங்கள். எம் மோடில் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டால் தெருத் திருவிழாவுக்கு அதுவே வசதி.

கே: இரவு 6400இல் எடுத்தேன். காலையில் வயலில் எடுத்ததெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது.

ப: ஐஎஸ்ஓ இன்னும் 6400இலேயே இருந்திருக்கும். கேமராவைப் பையில் வைக்கும் முன் ஆட்டோவுக்கு மாற்றிவிடுங்கள்.