பட்டறை பதில்கள்: புது பிளேடு போட்டும் வெட்டாத கட்டர் பார்

கேள்வி: டிராக்டருக்குப் பின்னால் மாட்டித் தீவனம் வெட்டும் 5 அடி கட்டர் பார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். தீவனச் சோளத்தை ஓரளவு வெட்டுகிறது. வேலிமசாலில் விட்டால் தண்டை நார்நாராகக் கிழிக்கிறது, அடைத்தும் கொள்கிறது. பிளேடு எல்லாம் புதிதாக மாற்றியும் அப்படியேதான். இனி எதை மாற்றுவது?
– வாசகர், தாராபுரம்

பதில்: இப்போதைக்குக் காசை எடுத்து உள்ளே வையுங்கள். என் பட்டறைக்கு வரும் கட்டர் பார்கள் பெரும்பாலும் புது பிளேடோடுதான் வருகின்றன! கத்தரிக்கோலில் ஒரு அலகை மட்டும் சாணை பிடித்தால் துணி வெட்டுமா? உங்கள் பிளேடு ஒரு அலகு. பாரிலிருந்து விரல்போல முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிங்கருக்குள் இருக்கும் தட்டு இன்னொன்று. அதன் ஓரம் மழுங்கியிருந்தால் பிளேடு எவ்வளவு கூராக இருந்தும் தண்டு நடுவில் மடங்கிக் கிழியத்தான் செய்யும். விரல் நகத்தை ஓரத்தில் உரசிப் பாருங்கள். வழுக்கினால் தட்டை மாற்றுங்கள்.

பிறகு பாரின் ஒரு கோடியில் குனிந்து, எல்லா ஃபிங்கரும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று கண்ணை ஓட்டுங்கள். கல்லில் இடித்த ஃபிங்கர் மட்டும் தனியாகத் தெரியும். அதைச் சுத்தியலால் தட்டி நேராக்கலாம். பிளேடின் முனை தட்டின்மேல் படிந்து ஓட வேண்டும். படியாமல் தூக்கி நின்றால் மேலே அழுத்தும் கிளிப் தளர்ந்திருக்கிறது. கிளிப்புக்கும் பிளேடுக்கும் இடையே தபால் அட்டை கனம் இடைவெளி போதும். கத்தியை, அதாவது பிளேடுகளை வரிசையாக ரிவிட் அடித்த தண்டை, கையால் தள்ளினால் இறுக்கமில்லாமல் ஓட வேண்டும், ஆனால் லொடலொடவென்று ஆடக் கூடாது.

அடுத்தது, பலரும் பார்க்காத ஒன்று. உங்கள் பாரில் ஃபிங்கருக்கு ஃபிங்கர் 3 அங்குலம், கத்தி ஓடும் தூரமும் 3 அங்குலம் என்றால், கத்தி இருபக்கமும் கடைசிக்குப் போய் நிற்கும்போது ஒவ்வொரு பிளேடின் நடுவும் ஃபிங்கரின் நடுவுக்கு நேராக வர வேண்டும். டிராக்டரை அணைத்துவிட்டு, கத்தியை ஓட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் எட்டாமலும் மறுபக்கம் தாண்டியும் போனால் அந்தச் சக்கரத்தையும் கத்தியையும் இணைக்கும் பிட்மேன் தண்டின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். நீங்கள் சொல்லும் அடைப்புக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சுற்றும்போது இன்னொருவர் கை கத்திப் பக்கம் இருக்கவே கூடாது. எஞ்சின் ஓடாவிட்டாலும் அது விரலை வெட்டும்.

பழைய கருவி என்பதால், பாரைச் சட்டத்தோடு இணைக்கும் கீல் பின்னையும் சந்தேகப்படுகிறேன். புல்லின் எதிர்ப்பு பாரின் வெளிக்கோடியைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் சும்மா நிற்கும்போதே வெளிக்கோடி சற்று முன்னால் இருக்க வேண்டும்: அடிக்குக் கால் அங்குலம், உங்கள் 5 அடிக்கு ஒன்றேகால் அங்குலம். அளப்பதற்கு முன் வெளிக்கோடியைக் கையால் பின்னுக்குத் தள்ளி, ஆட்டத்தை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். கீல் பின்னின் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து உள்ளே புஷ் வளையம் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் கிழித்தால் குற்றம் உங்கள் வேலிமசால் மீதுதான். முற்றி விறகான தண்டை வெட்ட இந்தக் கருவி ஆகாது.

கேள்வி: தேய்ந்த பிளேடின் ரிவிட்டை கிரைண்டரில் அறுக்கலாமா?
– வாசகர், பல்லடம்

பதில்: வேண்டாம். கத்தித்தண்டும் சேர்ந்து அறுபடும். வைஸின் தாடையைச் சற்றுத் திறந்து, பிளேடு கீழே தொங்கும்படி கத்தித்தண்டை அதன்மேல் வையுங்கள். பிளேடின் பின்விளிம்பில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டால் ரிவிட் தானே வெட்டுப்படும். துளையில் மிஞ்சிய ரிவிட்டைப் பஞ்ச் கம்பியால் தட்டி எடுங்கள். புது ரிவிட் அடித்தபின் பிளேடைக் கையால் அசைத்துப் பாருங்கள். துளி ஆடினாலும் மறுபடி அடிக்க வேண்டியதுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், ரிவிட் தலை எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.