ரோட்டில கத்துறவர், வீட்டில வாய் திறக்கிறேல்ல

வணக்கம் அக்கா,

எனக்கு 39 வயசு, யாழ்ப்பாண டவுனுக்குக் கொஞ்சம் வெளியால இருக்கிறம், இவருக்கு கந்தோர் வேலை. பிரச்சினை இவற்ற கோவம்தான், கோவப்படுறார் எண்டு இல்லை, படவேண்டிய இடத்தில படுறாரில்லை. போயாவுக்குப் போயா, பௌர்ணமி தவறாமல், தையிட்டிக்குப் போயிடுவார், சனத்தின்ர காணியில புத்த விகாரை கட்டினதுக்கு எதிரான போராட்டத்துக்கு, அந்தக் காணியளுக்குக் கிட்டத்தான் மாமியின்ர காணியும், 90ல விட்டிட்டு வந்தவை. அங்க நிண்டு தொண்டை கட்டக் கத்திப்போட்டு வருவார், நான் மல்லி அவிச்சுக் குடுக்கோணும். ஆனா போன மாசம் மாமாவின்ர திவசத்தில அவ்வளவு சனத்துக்கு முன்னால மச்சாள் சொல்லுறா, தம்பி கட்டின இடம் சரியில்லை, அதான் இன்னும் இப்பிடியே கிடக்கிறான் எண்டு. இவர் பக்கத்தில இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர் அக்கா. வாயே திறக்கேல்ல.

நான் அந்த வீட்டுக்கு என்ன குறை வச்சனான்? மாமா படுக்கையில கிடக்கேக்க ஆர் பாத்தது? மகனும் தகப்பனைப்போலத்தான், பள்ளிக்கூடத்தில ஒருத்தன் கொப்பியைக் கிழிக்க சிரிச்சுக்கொண்டு நிண்டவனாம் எண்டு டீச்சர் சொன்னா, வீட்டிலயும் நான் சட்டியைக் கொஞ்சம் பலமா வச்சா ஓடி வந்து "அம்மா நான் என்ன செய்தனான்" எண்டு கேப்பான், சரி அதை விடுங்கோ. மச்சாள் சொன்னதை விட இவர் வடை சாப்பிட்டதுதான் எனக்குத் தாங்கேலாம இருக்கு. அண்டையில இருந்து நான் கதைக்கிறேல்ல, தேத்தண்ணியை மேசையில வைப்பன், அவ்வளவுதான். ரோட்டில கத்தத் தெரிஞ்ச மனுசனுக்கு வீட்டில ஏன் வாய் வருதில்லை?

ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

அன்புத் தங்கச்சி,

"சரி அதை விடுங்கோ" எண்டு எழுதியிருக்கிறியள், எனக்கு அதை விடேலாது. கொப்பி கிழிக்கிறவனைப் பாத்துச் சிரிக்கிறதும் சட்டிச் சத்தம் கேட்டு ஓடி வாறதும் ஒரே விஷயம். தகப்பனைப்போல எண்டுறியள், அதில அரைவாசிதான் உண்மை. அப்பா கோவத்தை விழுங்கிறார், அம்மா சட்டியில காட்டுறா, ஆரில கோவம் எதுக்குக் கோவம் எண்டு ஒருத்தரும் வாயால சொல்லுறேல்ல. விலாசம் இல்லாமல் வாற கடிதத்தை வீட்டில சின்ன ஆள்தான் தன்ர பேருக்கு எண்டு எடுத்து வச்சுக்கொள்ளும்.

இவர் தையிட்டியில கத்துறதை நான் குறையாப் பாக்கேல்ல. அங்க கேக்கிறது என்ன எண்டு எல்லாருக்கும் தெரியும், காணியை விடு. கிளிநொச்சியில 2017 பெப்ரவரி 20ல கந்தசுவாமி கோயிலடியில போராட்டத்தில இருக்கத் தொடங்கின, காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மாரும் அப்பிடித்தான், எங்கட பிள்ளையள் எங்க எண்டு ஒரே கேள்வி, வருசக்கணக்கா. பக்கத்தில நாலு பேர் சேர்ந்து நிக்கேக்க சத்தம் தானா வரும். திவசப் பந்தியில கூடப்பிறந்த அக்காவுக்கு முன்னால அந்த நாலு பேர் இல்லை. அதோட எங்கட வயசுக்காரர் வளந்த காலத்தை யோசியுங்கோ, செக்பொயின்ரில வாயைக் காட்டினா ஆள் வீட்டுக்கு வரமாட்டான் எண்டு தாய்மார் பொத்திப் பொத்தி வளத்த பெடியள், கோவம் வந்தாத் தலையைக் குனி எண்டு பழக்கினது. அது அப்ப உயிரைக் காப்பாத்தினது. அதுக்காக அண்டைக்கு அவர் வடை சாப்பிட்டது சரி எண்டு நான் சொல்ல வரேல்ல, மச்சாளுக்கும் வாய்க்கொழுப்புத்தான்.

ஆனா ஒண்டு கேக்கிறன், கோவிக்காதைங்கோ. இவ்வளவு நாளாக் கதைக்காம இருக்கிறியள், உங்களுக்கு என்ன வேணும் எண்டு அவருக்குத் தெரியுமோ? மச்சாளோட சண்டை பிடிக்கோணுமா, மன்னிப்புக் கேக்கோணுமா, இல்லாட்டி அண்டிரவு "உனக்கு நல்லா நொந்திருக்கும்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாலே காணுமா? கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்ச எனக்கே பிடிபடேல்ல. கதைக்காம இருக்கிறதைப் பொறுமை எண்டு நினைக்கிறியள் போல, அது தண்டனை தங்கச்சி, அதில பெரும்பங்கு அந்தப் பெடியனுக்குத்தான் விழுது.

இண்டைக்கே மகனைக் கூப்பிட்டு "மாமி சொன்ன கதையால அம்மாவுக்கு அப்பாவில கோவம், உன்னில இல்லை" எண்டு வாய்விட்டுச் சொல்லுங்கோ, அவருக்கும் கேக்கட்டும். மச்சாளுக்கு நீங்களே ஒரு கோல் எடுங்கோ, அதுக்குப் புருசன் தேவையில்லை. கொப்பி விஷயத்துக்கு ரெண்டு பேருமாப் பள்ளிக்கூடம் போங்கோ, ஆனா அங்க நீங்கள் முந்தப்பிடாது, டீச்சரிட்ட அவர்தான் கதைக்கோணும், மகன் பக்கத்தில நிக்கோணும்.